குடும்பக் கதைக்குள் ஒரு விலங்கைக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் ஆரம்பத்தில் எழுதிய கதை ஒன்றில் ஒரு கூண்டுக்கிளி இருந்தது. மருமகள் ஜன்னலோரம் நிற்பாள், கிளி கூண்டுக்குள் நிற்கும். கடைசிப் பத்தியில் அவள் கூண்டைத் திறந்துவிடுவாள். எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. படித்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தக் கிளி என்ன சாப்பிட்டது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதினொரு பக்கத்தில் அந்தக் கிளிக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர்கூட வைக்கவில்லை. அது கிளியே இல்லை, மருமகளின் நிலைமைக்கு நான் ஒட்டிய லேபிள். கூண்டைத் தூக்கிவிட்டுச் சுவரில் "இவள் சிறைப்பட்டிருக்கிறாள்" என்று எழுதியிருந்தாலும் கதை அப்படியேதான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பல கதைகள் எழுதி, அவற்றில் பாதியைக் கிழித்துப் போட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பேச்சு காற்றில் போய்விடாமல் இருக்க, ஒரே கதையைக் கூடவே வைத்துக்கொள்வோம். பதினைந்து வருடம் கழித்து ஒரு மகள் அப்பா வீட்டுக்கு வருகிறாள். சின்ன வயதில் அவளை மட்டும் பாட்டியிடம் விட்டு வளர்த்தார்கள். தம்பி பெற்றோரோடு வளர்ந்தான். ஏன் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவள் வரும் நாளில் அந்த வீட்டுப் பரணில் ஒரு தெருப்பூனை குட்டி போட்டிருக்கிறது.

படி 1: ஆளுக்கு விலங்கு தேடாதீர்கள், உறவுக்குத் தேடுங்கள்

ஜெர்மன் உளவியலாளர் லூயிட்கார்ட் பிரெம்-கிரேசர் 1957இல் ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். உன் குடும்பத்தில் எல்லோரையும் விலங்குகளாக வரைந்து காட்டு என்று குழந்தையிடம் சொல்வார்கள். வரைந்த படத்தை வைத்துக் குழந்தையின் மனதைப் படிக்க முயல்வார்கள். அந்த முறையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற விவாதம் நமக்கு வேண்டாம். எழுதுகிறவருக்கு இது நல்ல பயிற்சி, அவ்வளவுதான். உங்கள் பாத்திரங்களை விலங்குகளாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

எழுதிவிட்டீர்களா? அப்பா சிங்கம், அம்மா பசு, மாமியார் பாம்பு, ஊதாரித் தம்பி குரங்கு. சரி, இப்போது அந்தத் தாளைக் கசக்கிப் போடுங்கள். முதலில் தோன்றுவது எல்லோருக்கும் தோன்றுவதுதான். அதைவிடப் பெரிய சிக்கல், இப்படி ஆளுக்கொரு விலங்கை ஒட்டினால் ஆள் அசையமாட்டார். சிங்கமாகிவிட்ட அப்பா கடைசிவரை கர்ஜித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது தாளில் ஆட்களின் பெயரை எழுதாதீர்கள். அவர்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இதற்கு நம்மிடம் ஒரு பழைய கருவி இருக்கிறது. வைணவத்தில் இறைவனுக்கும் அடியவருக்கும் உள்ள உறவை விளக்க வடகலையார் குரங்குக்குட்டியையும் தென்கலையார் பூனைக்குட்டியையும் உவமை காட்டுவார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும், கை நழுவினால் போச்சு. பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய்தான் கவ்விக்கொண்டு போகும். தத்துவத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள், இங்கே தாயும் சேயும் முக்கியம் இல்லை, பிடி யார் கையில் என்பதுதான் விஷயம். உங்கள் கதையில் யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள்? விட்டால் விழப்போவது யார்? இதற்குப் பதில் கிடைத்த பிறகு விலங்கைத் தேடினால் போதும்.

நம் மகளின் கதையில் பிடி முழுக்கப் பெற்றோர் கையில் இருந்தது. ஒன்றைக் கவ்விக்கொண்டார்கள், ஒன்றை விட்டுவிட்டார்கள். பரணில் பூனை வந்தது அப்படித்தான். மகள் பூனை இல்லை, அப்பாவும் பூனை இல்லை.

படி 2: அந்த விலங்கை உண்மையாகவே தெரிந்துகொள்ளுங்கள், அதைப் பற்றிய நம்பிக்கையையும் சேர்த்து

இந்தப் படியில்தான் எனக்கு அதிக நேரம் போகும். சுவாரசியமும் இதில்தான்.

ஐங்குறுநூற்றின் மருதப் பாடல் ஒன்றில் (24) தலைவனின் ஊரைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. தாய் சாகப் பிறக்கும் நண்டும், தன் பிள்ளையையே தின்னும் முதலையும் உள்ள ஊராம். பரத்தையிடம் போன கணவனின் வீட்டுக் கதை அது. அன்பில்லாத குடும்பம் என்பதை இதைவிடக் குரூரமாகச் சொல்ல முடியாது.

ஆனால் முதலையைக் கவனித்தவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். முட்டை பொரிந்ததும் தாய் முதலை குஞ்சுகளை வாயில் அள்ளி நீருக்குக் கொண்டுபோய் விடுகிறது. மற்ற பெரிய முதலைகள் குஞ்சுகளைத் தின்பது உண்டுதான். ஆனால் கரையில் நின்று பார்க்கிறவருக்குத் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுவதும் தின்பதுபோலத்தான் தெரியும். இந்த ஒரு தகவலை வைத்தே ஒரு நாவல் எழுதலாம் என்று எனக்குத் தோன்றும். பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கும் தாய், விழுங்கப்படுகிறோம் என்று நினைக்கும் பிள்ளை, கரையில் நின்று தீர்ப்புச் சொல்லும் உறவினர். பல்லும் அதே, கவ்வலும் அதே.

ஆகவே எந்த விலங்கை எடுத்தாலும் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்றில் அந்த விலங்கு உண்மையில் என்ன செய்கிறது. மற்றதில் அதைப் பற்றி மனிதர்கள் என்ன நம்புகிறார்கள். இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் கதை கிடைக்கும். நம்பிக்கை தவறாக இருந்தாலும் கதைக்குள் அதற்கு இடம் உண்டு, ஆனால் அது ஒரு பாத்திரத்தின் நம்பிக்கையாக வர வேண்டும். கதைசொல்லியே அதை உண்மை என்று நினைத்து எழுதிவிட்டால் விஷயம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். தத்துப்பிள்ளை பற்றிய கதை என்றாலே குயில் வந்துவிடும். நமக்குத் தெரிந்த குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். ஐரோப்பாவில் பரவலாக உள்ள குயில் இனத்தில் நிலைமை வேறு. கண் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சு, கூட்டில் உள்ள மற்ற முட்டைகளை முதுகால் முட்டி வெளியே தள்ளிவிடும். இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர்தான், ஆனால் முதலாவது இடம் பங்கிட்டுக்கொண்ட பிள்ளையின் கதை, இரண்டாவது இடம் பிடுங்கிய பிள்ளையின் கதை. நீங்கள் எதை எழுதுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதட்டி உருட்டும் அப்பாவை ஓநாய்க் கூட்டத்தின் 'ஆல்ஃபா', அதாவது சண்டையில் ஜெயித்த தலைவன், என்று எழுதும் பழக்கமும் இப்போது வந்துவிட்டது. அந்தக் கருத்தின் வேர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அவர் பார்த்தவை அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் பரப்பியது. பிறகு அதே மெக் காட்டு ஓநாய்களைப் பல வருடம் கவனித்துவிட்டு, கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று 1999இல் எழுதினார். சண்டையில் ஜெயித்துத் தலைவரானவர் யாரும் அங்கே இல்லை, பெற்றதால் தலைமை வந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டாதவற்றை ஒரே இடத்தில் அடைத்தால்தான் அதிகாரச் சண்டை. கூட்டுக்குடும்பம் பற்றி எழுதுகிறவருக்கு இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. சில தகவல்கள் படித்தவுடனே கை பரபரக்கும். ஆழ்கடல் ஆக்டோபஸ் ஒன்று 53 மாதங்கள் தன் முட்டைகளை விட்டு நகராமல் அடைகாத்ததை 2007 முதல் 2011 வரை விஞ்ஞானிகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். படித்த அன்றைக்கே அம்மா பற்றிக் கதை எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. அந்தத் தகவல் தன் அர்த்தத்தைத் தானே சுமந்துகொண்டு வந்துவிட்டது, நான் சேர்க்க எதுவும் மிச்சம் வைக்கவில்லை. அளவுக்கு மீறிப் பொருந்துகிற விலங்கு கதைக்கு உதவாது.

பூனைக்கு வருவோம். இடம் பாதுகாப்பில்லை என்று பட்டால் தாய்ப்பூனை குட்டிகளைப் பிடரியில் கவ்வி ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றும். நடுவில் ஒரு குட்டி தனியாகக் கிடந்து கத்தும் நேரம் ஒன்று உண்டு. நோஞ்சான் குட்டியைத் தாய் விட்டுவிடுவதும் உண்டு. இது முதல் பட்டியல். மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்று பலர் சொல்வார்கள், பெரும்பாலும் அது உண்மை இல்லை. இது இரண்டாவது. அப்பா இந்த இரண்டாவதை உறுதியாக நம்புகிறவர் என்று வைத்துக்கொண்டேன். மகள் வந்த அன்றே ஒரு குட்டியைத் தொட்டுவிடுகிறாள்.

படி 3: சோறு, மலம், செலவு

நண்பரின் கிளிக் கேள்விதான் இந்தப் படி. வீட்டுக்குள் ஒரு உயிர் வந்தால் வேலை வரும். யார் தீனி வைக்கிறார்? யார் அள்ளிச் சுத்தம் செய்கிறார்? "எனக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு ராத்திரி எழுந்து போய்ப் பார்ப்பவர் யார்? உடம்பு சரியில்லை என்றால் யார் பணம் கொடுப்பார்? குடும்பத்துக்குள் அதிகாரமும் பாசமும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பதை இந்தக் கேள்விகள் காட்டிக்கொடுத்துவிடும். தனியாகக் குறியீடு தேட வேண்டிய அவசியமே இருக்காது.

இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், தானாக ஒரு வரி வந்து விழும்.

படி 4: அதுவா, அவனா?

தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்த ஒரு வசதி இது. நம் மொழி உயர்திணை, அஃறிணை என்று உலகத்தைப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கோட்டைப் பாசத்தால் தாண்டினால் பிழையில்லை என்று இலக்கணமும் ஒப்புக்கொள்கிறது. பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் "என் அம்மை வந்தாள்" என்று சொல்வதைத் திணை வழுவமைதிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு ஆகியவற்றால் திணை மாறலாம் என்கிறது நன்னூல். இந்த ஐந்தையும் உங்கள் பாத்திரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள்.

வீட்டு நாயை அம்மா "அவன் இன்னும் சாப்பிடலை" என்கிறாள். அப்பா "அதைக் கட்டிப் போடு" என்கிறார். மூத்த மகனைப் பற்றிப் பேசும்போது அப்பா "அது உருப்படாது" என்கிறார். மூன்று வாக்கியம்தான், அந்த வீட்டில் யார் மனிதர், யார் இல்லை என்பது தெரிந்துவிட்டது. குழந்தையை "அது தூங்குது" என்று கொஞ்சலாகச் சொல்வதும் இதே 'அது'தான் என்பது இன்னும் வேடிக்கை.

குட்டிகளுக்கான பெயர்களிலும் இந்த விளையாட்டு உண்டு. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பது என்று சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. இவற்றில் பிள்ளையும் மகவும் குழவியும் நம் வீட்டுக் குழந்தைக்கும் பொருந்தும். அணில் இன்னமும் அணிற்பிள்ளை, கீரி இன்னமும் கீரிப்பிள்ளை. பிள்ளையில்லாத ஒருவர் வாயில் "கீரிப்பிள்ளை" என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். விளக்காதீர்கள், வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 5: ஆளுக்கொரு அர்த்தம்

ஹென்ரிக் இப்சன் 1884இல் எழுதிய 'காட்டு வாத்து' நாடகத்தில், சுடப்பட்டு உயிர் தப்பிய வாத்து ஒன்று ஒரு வீட்டின் பரணில் வளர்கிறது. அடிபட்டதும் நீருக்கு அடியில் போய்ப் பாசியைக் கவ்விக்கொண்ட வாத்து, நாய் ஒன்று மூழ்கி மேலே கொண்டுவந்தது. தாத்தாவுக்கு அந்தப் பரண் தான் இழந்த காடு. பேத்தி ஹெட்விக்குக்கு அது அவளுடைய வாத்து, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் லட்சியவாதி கிரெகர்சுக்கு மட்டும் அது ஒரு குறியீடு. அப்பாவின் அன்பைத் திரும்பப் பெற அந்த வாத்தைப் பலி கொடு என்று அவன்தான் அவளிடம் சொல்கிறான். பரணிலிருந்து வெடிச் சத்தம் கேட்கிறது. வாத்தைச் சுட்டுவிட்டாள் என்று நினைக்கிறார்கள். அவள் தன்னையே சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

விலங்கைக் குறியீடாக மட்டும் பார்க்கிற ஆள் ஒரு குடும்பத்தை என்ன செய்துவிட முடியும் என்பதை நாடகமே காட்டிவிட்டது. எழுத்தாளன் கிரெகர்ஸ் ஆகிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு பாத்திரமும் அந்த விலங்கைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் குறியீடு உங்களுடையது, அவர்களுடையது இல்லை. பூனைக் கதையில் அப்பாவின் வாக்கியம்: "நோஞ்சானை விட்டுட்டுப் போறது இயற்கை." மகளுடையது: "திரும்பி வந்து எடுத்துக்கும்." தம்பிக்குப் பூனை வந்ததே தெரியாது, பரணில் எலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கவ்விக்கொள்ளப்பட்டவன் அவன். அவனுக்கு ஏன் தெரிய வேண்டும்?

குழந்தை கதைசொல்லியாக இருந்தால் விதி கொஞ்சம் மாறும். குழந்தை உவமை சொல்லாது, அது கண்டது அப்படியே உண்மை. வில்லியம் ஃபாக்னர் 1930இல் வெளியிட்ட நாவலில் ஒரு சிறுவன் பெரிய மீன் ஒன்றைப் பிடித்து வெட்டுகிறான், அதே நாளில் அவன் அம்மா இறந்துபோகிறாள். அவன் பெயரில் வரும் ஒரு அத்தியாயம் முழுவதும் ஒரே வாக்கியம், அதில் அவன் தன் அம்மா ஒரு மீன் என்கிறான். "மீன் போல" என்று அங்கே எழுதியிருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும்.

படி 6: உள்ளே வையுங்கள்

வெளிப்படையாகத் தெரிகிற உவமையையும் உள்ளே மறைந்திருக்கும் உவமையையும் தொல்காப்பியம் தனித்தனியாகப் பிரிக்கிறது. இரண்டாவதுதான் உள்ளுறை. தெய்வம் தவிர்த்த கருப்பொருள்களை, அதாவது விலங்கு, பறவை, மரம் போன்றவற்றை வைத்து அதை அமைக்க வேண்டும். குறுந்தொகை 8இல் வயலோர மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்வுகிறது. பேசுகிறவள் பரத்தை. நான் அவனைத் தேடிப் போகவில்லை, தானாக வந்து விழுந்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரை வர்ணித்தாள், அவ்வளவுதான்.

இன்றைய உரைநடையில் இதைச் செய்ய ஒரு எளிய வழி: விலங்கு வரும் வாக்கியமும் உறவு வரும் வாக்கியமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கக் கூடாது. நடுவில் ஒரு சம்பவமாவது இருக்கட்டும். 'போல', 'மாதிரி', 'தன்னையும் அப்படியே' என்று வரும் இடங்களையெல்லாம் தேடிப் பிடித்து அடியுங்கள்.

படி 7: எத்தனை தடவை?

சிறுகதைக்கு மூன்று தடவை போதும் என்பது என் கணக்கு. முதல் தடவை வெறும் தகவலாக, வேறு வேலைக்கு நடுவில். இரண்டாவது தடவை தொந்தரவாக. மூன்றாவது தடவை யாராவது அதற்காக ஒன்று செய்ய வேண்டும், அல்லது செய்யாமல் விட வேண்டும். நாவலில் எத்தனை தடவையும் வரலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதன் உடம்பில் ஏதாவது மாறியிருக்கட்டும். கிழடாகலாம், குட்டி போடலாம், ஒரு கண் போகலாம்.

கடைசியில் விலங்கைச் சாகடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். குடும்பம் உடைகிற அன்று நாய் செத்துப்போகும். அழவைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை, அதனாலேயே நான் இதைக் கடன் வாங்கிச் செலவு செய்வதுபோலப் பார்க்கிறேன். செத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் சாகட்டும். மிச்சக் கதையில் அந்தத் தட்டை யார் கழுவி எடுத்து வைக்கிறார் என்று பார்க்கலாம்.

படி 8: திருத்தம்

பூனைக் கதையின் கடைசிக் காட்சியை நான் முதலில் எழுதியது இப்படி:

"தாய்ப்பூனை மற்ற குட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்தது. தானும் இப்படித்தான் விடப்பட்டோம் என்று நினைத்தாள். 'என்னை ஏம்ப்பா விட்டீங்க?' என்று கேட்டாள்."

வாசகருக்குச் செய்ய வேலையே இல்லை. பூனையின் வேலையும் முதல் வாக்கியத்தோடு முடிந்தது. திருத்திய வடிவம்:

"ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். 'நீ தொட்டேல்ல, அதான்,' என்றார். அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து போய் ஏணியைக் கொண்டுவந்து பரணில் சாய்த்தார். முழங்கால் வலியோடு இரண்டு படி ஏறினார், நின்றார். 'எத்தனை நாள் கத்தும்?' என்று மேலே பார்த்தபடியே கேட்டார். 'எனக்கு நாப்பது நாள் ஆச்சுன்னு பாட்டி சொல்லுவா,' என்றாள் அவள், ஏணியைப் பிடித்துக்கொண்டு."

பேச்சு எங்கே பூனையிலிருந்து வழுக்கியது என்று பாருங்கள். அந்த வழுக்கலை அவள் செய்தாள், கதைசொல்லி செய்யவில்லை. படி 6இல் சொன்ன விதியை இங்கே மீறியிருக்கிறேன், விலங்கும் உறவும் ஒட்டி நிற்கின்றன. கதை முழுக்கத் தள்ளி வைத்திருந்ததால் இந்த ஒரு இடத்தில் அதற்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இல்லை என்று நீங்கள் சொன்னால் சண்டை போடமாட்டேன்.

தாய்ப்பூனை திரும்பி வந்ததா என்று எழுதவில்லை. வந்தது என்றால் மகள் சொன்னது சரியாகிவிடும், வரவில்லை என்றால் அப்பா சொன்னது சரியாகிவிடும். இருவரில் ஒருவரை ஜெயிக்கவைக்கவா நான் அதைப் பரணில் ஏற்றினேன்? அப்பா இன்னும் ஏணியின் இரண்டாவது படியில்தான் நிற்கிறார்.